அடி அப்படியே, மேல்தோல் புதுசு: 'ரீவேம்ப்' என்ற சொல்லைப் பற்றி

மாதத்துக்கு நாலு தடவையாவது இந்தச் சொல் என் மேஜைக்கு வந்துவிடும். ரீவேம்ப். பெரம்பூரில் வீட்டில் உட்கார்ந்தபடி ஆங்கில அறிக்கைகளையும் விளம்பரங்களையும் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. பூங்காவை ரீவேம்ப் செய்கிறார்கள், பஸ் நிறுத்தத்தை ரீவேம்ப் செய்கிறார்கள். வெப்சைட், மெனு, பாடத்திட்டம், கிரிக்கெட் அணி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. அத்தனைக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினைச்சொல். நானும் பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டு 'சீரமைப்பு' என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டது ஒரு ஹோட்டல் விளம்பரத்தில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடை. உட்புறத்தை மாற்றி, மெனுவையும் மாற்றி மறுபடி திறக்கிறார்கள். 'சீரமைக்கப்பட்ட உணவகம்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார். "ஏங்க, நம்ம கடை இவ்வளவு நாளா சீர்கெட்டுக் கிடந்துச்சுன்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி இருக்கே?"

பதில் சொல்ல முடியவில்லை. சீரமைப்பு என்றால் முன்பு சீர் இல்லை என்றுதானே ஆகிறது. வெள்ளத்துக்கு அப்புறம் ரோட்டைச் சீரமைக்கலாம், உடைந்த கால்வாயைச் சீரமைக்கலாம். கூட்டம் அலைமோதுகிற ஹோட்டலைச் சீரமைத்தோம் என்றால் அவர் கோபப்படாமல் என்ன செய்வார்? ஆங்கிலச் சொல்லுக்குள் இருந்த ஏதோ ஒன்றை நான் தவறவிட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அது என்ன என்று தேடப் போனதில் கிடைத்தவைதான் கீழே வருபவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாலையில் என்னிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வியாசர்பாடியிலிருந்து நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். அதில் ஒருவனிடம் இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "ரீ-ன்னா மறுபடியும். வேம்ப்-ன்னா வேம்பயர். மறுபடியும் ரத்தம் குடிக்கிறதா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் மேல் தப்பில்லை. நம் சினிமாப் பத்திரிகைகளில் வில்லி வேடத்தையும் கவர்ச்சி வேடத்தையும் 'வேம்ப்' என்று எழுதுவார்களே, அது வேம்பயர் என்பதன் சுருக்கமேதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சொல் அது. ரீவேம்ப்புக்குள் இருக்கும் வேம்ப் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மூத்த வேம்ப் ரத்தம் குடிப்பதில்லை. காலில் கிடப்பது.

ஷூவின் முன்பாகம் இருக்கிறதல்லவா, கால்விரல்களையும் புறங்காலையும் மூடுகிற மேல்தோல், அதற்குப் பெயர்தான் வேம்ப். பழைய பிரெஞ்சில் 'அவான்' என்றால் முன், 'பியே' என்றால் பாதம். அவான்பியே, முன்பாதம். ஆங்கிலத்துக்குள் வரும்போது தலையெழுத்தான 'அ' உதிர்ந்து, வால் தேய்ந்து, வேம்ப் ஆகிவிட்டது. தொடக்கத்தில் காலுறையின் பாதப் பகுதியைத்தான் அப்படிச் சொன்னார்கள். அப்புறம் செருப்புக்காரர்களின் சொல்லாகி, மேல்தோலில் வந்து நின்றது.

இதைத் தெரிந்துகொள்ள அகராதி வரைக்கும் போக வேண்டியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியமேடு போதும். சென்ட்ரலுக்குப் பின்னால், வட சென்னையின் வாசல்படி மாதிரி இருக்கும் பேட்டை. சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் நடந்தால் தோல் வாசனை மூக்கில் ஏறும். சுருட்டி வைத்த தோல், சோல் ஷீட், பசை டப்பா, நூல்கண்டு, பக்கிள். ஷூ தொழிலில் இருப்பவரிடம் கேட்டால் வேம்ப் என்றால் முன்பக்கத் தோல், குவார்ட்டர் என்றால் குதிகாலைச் சுற்றி வரும் பக்கத் தோல், டங் என்றால் லேஸுக்கு அடியில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது என்று விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சொல்லின் பாதி, வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் தோல் துண்டாகவே கிடந்திருக்கிறது.

ஆக, ஷூவுக்கு வேம்ப் போடுவது என்றால் கிழிந்துபோன மேல்தோலை எடுத்துவிட்டுப் புதுத்தோல் தைப்பது. மறுபடியும் போடுவது ரீவேம்ப். அடி அதேதான். ஆளும் அதேதான், அவர் நடக்கிற நடையும் அதேதான். பார்க்கிறவர் கண்ணில் படுகிற பாகம் மட்டும் புதுசு. இந்தச் சித்திரம் மனசில் பதிந்துவிட்டால் சொல்லின் இன்றைய பொருளில் பாதி கைக்கு வந்த மாதிரி.

சரி, இதைச் செய்துதான் பார்ப்போமே என்று ஒரு நாள் என் பழைய தோல் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கிற பெரியவரிடம் போனேன். முன்பக்கம் மடிப்பு விழுகிற இடத்தில் தோல் வெடித்திருந்தது. அவர் ஷூவைத் திருப்பினார், கட்டைவிரலால் அடியை அழுத்தினார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"அடி நல்லாத்தான் கீது சார். மேலதான் விட்டுப்போச்சு."

"மேல்தோலை மட்டும் மாத்தித் தர முடியுமாண்ணே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்டி சார்? மேலயும் அடியும் சேர்த்து ஒட்டி, அழுத்தி வர்ற மாலு இது. மேல பிரிச்சா அடியும் போச்சு. அடி தேஞ்சா சொல்லு, புது சோல் போட்டுத் தர்றேன். மேல போனா புதுசு வாங்கிக்க வேண்டியதுதான்." சொல்லிக்கொண்டே வெடிப்பின் மேல் சின்னதாக ஒரு தோலை வைத்து, குத்தூசியால் நாலு தையல் போட்டுக் கொடுத்துவிட்டார். பாலிஷ் போட்டால் தெரியாது என்றார். தெரியத்தான் செய்கிறது.

அவர் சொன்னதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எந்த வேலையைக் குறிக்க அந்தச் சொல் பிறந்ததோ அந்த வேலையைத் தெருவில் இன்று கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. சோல் மாற்றுவார்கள், வார் மாற்றுவார்கள், மேல்தோல் மாற்றுவது வழக்கொழிந்துவிட்டது. சொல் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கும் கட்டடத்துக்கும் பட்ஜெட் உரைக்கும் குடிபோய்விட்டது. நம்மிடமும் இப்படி உண்டு. டயல் இல்லாத போனில் 'நம்பர் சுழற்று' என்று இன்னும் சிலர் சொல்வதில்லையா?

செருப்புக்கடையை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. பழைய லண்டனில் செருப்புத் தொழிலில் இரண்டு சாதி மாதிரி இருந்தது. புதுத்தோலில் புது ஷூ செய்கிறவர் கார்ட்வெய்னர். ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரத்துத் தோலால் வந்த பெயர். பழசைத் தைக்கிறவர் காப்ளர். காப்ளர்கள் புதுத்தோலில் கைவைக்கக் கூடாது என்று மற்றவர்கள் மல்லுக்கட்டிய காலங்கள் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஆள். தேய்ந்த பூட்ஸ்களை வாங்கி, பிரித்து, தேறுகிற தோலை எல்லாம் சேர்த்துத் தைத்து மறுபடி விற்கிறவர். அவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? டிரான்ஸ்லேட்டர். ஆமாம், மொழிபெயர்ப்பாளர். ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறவர் என்ற பொருளில் வந்தது. இதைப் படித்த அன்று என் விசிட்டிங் கார்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் வேம்ப் என்ற வினைக்கு நல்ல பெயர் கிடையாது. 'வேம்ப் அப்' என்றால் கையில் கிடைத்ததை ஒட்டுப்போட்டுப் புதுசு மாதிரிக் காட்டுவது. நம் பேச்சில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ஒப்பேற்றுவது. முந்தின நாள் சொற்பொழிவின் குறிப்பையே முன்னும் பின்னும் மாற்றி ஒப்பேற்றிவிட்டார் என்கிறோமே, அதேதான். சங்கீதத்துக்கும் இந்த அர்த்தம் போனது. பாடகர் தயாராகிற வரைக்கும் பக்கவாத்தியக்காரர் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளிப்பதற்கும் ஆங்கிலத்தில் வேம்ப் என்றுதான் பெயர். கானா கச்சேரியில் பாடுகிறவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, முன்வரிசையில் இருக்கும் யாரையோ கலாய்த்து முடிக்கிற வரைக்கும் டோலக்கும் கீபோர்டும் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பாருங்கள், அது.

'ரீ' சேர்ந்த ரீவேம்ப் 19ஆம் நூற்றாண்டில் பரவிய சொல். ஆரம்பத்தில் அதற்கும் 'மறுபடி ஒட்டுப்போடுவது' என்ற இளப்பமான வாடைதான். போகப்போகக் கௌரவம் கூடிவிட்டது. இப்போது ஒரு நிறுவனம் தன் வெப்சைட்டை ரீவேம்ப் செய்ததாகப் பெருமையாக அறிவிக்கிறது. ஒப்பேற்றினோம் என்று எந்த நிறுவனம் அறிவிக்கும்? ஆனாலும் பழைய வாடை முழுக்கப் போய்விடவில்லை என்பது என் அபிப்பிராயம். மேல்பூச்சு மட்டும் மாறியிருக்கிறது என்று குத்திக்காட்ட நினைக்கிறவரும் இதே சொல்லைத்தான் ஒரு மாதிரித் தொனியில் சொல்கிறார். தமிழில் அவர் 'பழைய கள், புதிய மொந்தை' என்பார். மெக்கானிக் ஷெட் பாஷையில் சொன்னால் 'பட்டி டிங்கரிங் பார்த்து நிறுத்தியிருக்கான்'.

இனி இன்றைய பொருளுக்கு வரலாம். ஏற்கெனவே இருக்கிற, ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, அதன் பெயரும் அடிப்படையும் நிற்க, தோற்றத்திலோ அமைப்பிலோ நடைமுறையிலோ குறிப்பிடத்தக்க அளவு மாற்றி மேம்படுத்துவதுதான் ரீவேம்ப். உடைந்தது என்று அர்த்தமில்லை. பழசாகிவிட்டது, காலத்தோடு ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம். அதனால்தான் ஒழுகுகிற குழாயை யாரும் ரீவேம்ப் செய்வதில்லை, ரிப்பேர் செய்கிறார்கள். சமையலறையை ரீவேம்ப் செய்கிறார்கள். அதோடு, மாற்றுவதற்கு முன்னால் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். புதிதாகத் தொடங்குகிற எதற்கும் இந்தச் சொல் ஒத்துவராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேர்ச்சொல்லைத் தெரிந்துகொண்டவுடன் அதையே சட்டமாக்கிவிடும் ஆர்வம் எனக்கும் வந்தது. ஆங்கிலேயர்கள் முழு ரீவேம்ப், பெரிய ரீவேம்ப் என்றெல்லாம் தாராளமாகச் சொல்கிறார்கள். மேல்தோலோடு நிற்காமல் உள்ளே வெகு ஆழத்துக்குப் போகிற மாற்றத்துக்கும் அது பொருந்தும். அடி அப்படியே இருந்தால்தான் ரீவேம்ப் என்று அவர்களிடம் வாதாடினால் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் எப்போதும் நிற்கிறது. மாறி முடித்த பிறகும் 'இது அதுதான்' என்று சொல்ல முடிய வேண்டும். எது மாறியது என்பதைவிட எது நிற்கிறது என்று கேட்டால் பக்கத்துச் சொற்களிலிருந்து இதைச் சுலபமாகப் பிரித்துவிடலாம்.

அந்தப் பக்கத்துச் சொற்களைப் பார்க்க வட சென்னையைப் போல வேறு இடம் கிடையாது. பழசு அதிகம், பட்டறையும் அதிகம். ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது அங்கிருந்துதான், வாலாஜா ரோடு வரைக்கும். அந்தத் தூண்கள் வைத்த கட்டடத்தை 2005இல் புதுப்பித்தபோது, அது முன்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதான் நோக்கமாக இருந்தது. அதற்குச் சொல் ரெஸ்டோர். ரெஸ்டோர் பின்னோக்கிப் பார்க்கிறது, ரீவேம்ப் முன்னோக்கிப் பார்க்கிறது. பழைய கட்டடங்களை நேசிக்கிறவர்களிடம் 'ரீவேம்ப் செய்யப் போகிறோம்' என்றால் அவர்கள் முகம் மாறுவது இதனால்தான். கண்ணாடி முகப்பும், சுவரை மூடுகிற அலுமினிய ஏசிபி ஷீட்டும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

ஓவர்ஹால் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர் இல்லாத தெருவே எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லலாம். ரயில்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்த என் சித்தப்பா வாயிலிருந்து சோறு, தண்ணீருக்கு அடுத்தபடி அதிகம் வந்த வார்த்தை பி.ஓ.எச். பீரியாடிக்கல் ஓவர்ஹால் என்பதன் சுருக்கம் அது என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு பெட்டி குறிப்பிட்ட காலம் ஓடியதும் பட்டறைக்கு வரும். பெட்டியைத் தூக்கி, போகி என்கிற சக்கரச் சட்டத்திலிருந்து தனியாகப் பிரித்து வைப்பார்கள். சக்கரம், ஸ்பிரிங், பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள், மறுபடி பூட்டுவார்கள். "பெட்டி உள்ள வர்றப்ப இரும்பு. வெளிய போறப்ப ரயிலு" என்பார் சித்தப்பா. இதில் முக்கியமானது கழற்றிப் பார்ப்பது. ஓவர்ஹால் முதலில் கப்பல்காரர்களின் சொல். கப்பியில் இறுகிக் கிடக்கும் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துத் தளர்த்துவது. தளர்த்தினால்தானே எங்கே நைந்திருக்கிறது என்று தெரியும்? அதிலிருந்து பிரித்துச் சோதிப்பது என்ற பொருள் வந்தது. காசிமேட்டில் விசைப்படகுக் கயிற்றை வலிக்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக, உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிப் பார்த்தால் ஓவர்ஹால், வெளியே பளிச்சென்று ஆக்கினால் ரீவேம்ப். வரி முறையை ஓவர்ஹால் செய்தோம் என்பதற்கும் ரீவேம்ப் செய்தோம் என்பதற்கும் இந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே ரயில்பெட்டியை வைத்தே இன்னும் இரண்டு சொல்லைக் காட்டிவிடலாம். பெரம்பூரில் ரயில்பெட்டி செய்கிற தொழிற்சாலையான ஐசிஎஃப் 1955இல் தொடங்கியது. அதன் பழைய வடிவமைப்பில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. அந்தப் பழைய பெட்டிகளில், வடிவமைக்கும்போது இல்லாத பயோ டாய்லெட்டைப் பிற்பாடு கொண்டுவந்து பொருத்தினார்கள். அது ரெட்ரோஃபிட். பெட்ரோல் ஆட்டோவில் கேஸ் கிட் மாட்டுவதும் அதுதான். வயதாகி ஓய்வுபெற்ற பெட்டிகளில் சிலவற்றின் ஜன்னல், கதவை அடைத்து, உள்ளே சீட்டையெல்லாம் எடுத்துவிட்டு, கார் ஏற்றிப்போகும் சரக்குப்பெட்டியாக்கினார்கள். அது கன்வெர்ட். உடம்பு நிற்கிறது, தொழில் மாறிவிட்டது. பர்மா பஜாரில் பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் பழைய போன் ரீஃபர்பிஷ்டு. ஃபர்பிஷ் என்றால் ஒரு காலத்தில் வாளையும் கவசத்தையும் துருப்போகத் தேய்த்து மெருகேற்றுவது; சாணை பிடிக்கிறவரின் சொல்.

எதுவுமே நிற்கவில்லை என்றால்? அரசுக் குடியிருப்புகளைப் பாருங்கள். 1970களிலிருந்து கட்டப்பட்ட பழைய அடுக்குமாடிகள் வட சென்னையில் நிறைய. அவற்றில் பலவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். தமிழ் அறிக்கையில் சரியாக 'மறுகட்டுமானம்' என்று இருக்கும், ஆங்கிலச் செய்தியில் சில சமயம் ரீவேம்ப் என்று வந்துவிடும். இடித்துவிட்டால் அது ரீவேம்ப் இல்லை. ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஷூ வாங்குவது அது.

இதற்கு நேர் எதிரான வேடிக்கை மூர் மார்க்கெட். 1900இல் திறந்த சிவப்புக் கட்டடம், பழைய புத்தகத்துக்கும் கிராமபோன் தட்டுக்கும் கிளிக்கும் பேர்போன இடம், 1985இல் எரிந்து போனது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதற்குப் பெயர் என்ன? மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்கிறோம். மேலும் இல்லை, அடியும் இல்லை, பெயர் மட்டும் நடந்து போகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருந்தால் எனக்கும் யாராவது சொல்லுங்கள்.

பயன்பாட்டில் நம் ஆட்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ரீவேம்ப் அப்' என்று எழுதிவிடுகிறார்கள். வேறு இரண்டு சொற்களின் வாசனை ஒட்டிக்கொண்டதால் வரும் தப்பு அது. ரேம்ப் அப் என்றால் உற்பத்தியை, சோதனைகளின் எண்ணிக்கையை, இப்படி எதையாவது படிப்படியாகக் கூட்டுவது. ரெவ் அப் என்றால் பைக்கை நிறுத்திய இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கி உறுமவிடுவது, அதிலிருந்து உற்சாகப்படுத்துவது. ரீவேம்ப்புக்கு வால் கிடையாது, செயப்படுபொருள் நேராக அதன் பின்னால் வந்துவிடும். யார், எதை ரீவேம்ப் செய்தார்கள் என்று இரண்டும் இருந்தால் வாக்கியம் முடிந்தது. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'வேம்ப்' மேல் விழும். பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது பலர் முன்னால் இருக்கும் 'ரீ' மேல் அழுத்துவார்கள்.

வினைக்கும் பெயருக்கும் ஒரே வடிவம் என்பதுதான் பத்திரிகைக்காரர்களுக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கில எழுத்தில் எண்ணினால் ஆறே ஆறு. ரீஆர்கனைசேஷன் பதினாலு. தலைப்பில் இடம் கம்மி, எதை வைப்பார்கள்? 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் 1,000 கோடி ரூபாயில் என்று அறிவித்த பிறகு, எங்கள் பேட்டைகளைப் பற்றி வரும் ஆங்கிலக் குறிப்புகளில் இந்த ஆறெழுத்து இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகிறது. தமிழில் திட்டத்தின் பெயரே 'வளர்ச்சி' என்கிறது. வளர்வது வேறு, மேல்தோல் மாற்றுவது வேறு. எது நடக்கிறது என்பதைத் தெருவில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அது மொழிபெயர்ப்பாளன் வேலை இல்லை.

என் வேலை தமிழ்ச்சொல். அதில்தான் சிக்கல். 'சீரமைப்பு' ஏன் ஆகாது என்று ஹோட்டல்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டார். 'புதுப்பித்தல்' என்றால் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் நினைவுக்கு வருகின்றன. அங்கே எதுவும் மாறுவதில்லை, தேதி மட்டும் நீள்கிறது. 'மறுசீரமைப்பு' என்று எழுதினால் பாதிப் பேர் தொகுதி எல்லையைப் பற்றி என்று நினைத்துக்கொள்வார்கள். 'புனரமைப்பு' இடிந்ததைக் கட்டுவது.

கருத்தளவில் மிக நெருங்கி வருவது கோயில் திருப்பணி என்று எனக்குத் தோன்றுகிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பாலாலயம் செய்து சாமியின் சக்தியைத் தற்காலிகமாக வேறொன்றில் எழுந்தருளச் செய்துவிட்டு, கோபுரத்துக்குச் சாரம் கட்டி, சுதை வேலை பார்த்து, வண்ணம் தீட்டி, கலசத்தை மாற்றி, குடமுழுக்கு நடத்துவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது மரபு. மூலவர் மூலவராகவே இருக்கிறார், சுற்றியுள்ளது எல்லாம் புதுசாகிறது. அசல் ரீவேம்ப். ஆனால் ஒரு நிறுவனத்தின் வெப்சைட்டுக்குத் திருப்பணி நடந்தது என்று எழுத முடியுமா? கிண்டலுக்கு வேண்டுமானால் எழுதலாம்.

அதனால் ஒரே சொல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். எதை மாற்றுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லை எடுக்கிறேன். கடை, ஹோட்டல், தியேட்டர் என்றால் 'புதுப்பொலிவுடன்'. இது நம் ஆட்கள் பேனரில் எழுதி எழுதிப் பழகிய சொல், யாரையும் குறை சொல்லாத சொல். பாடத்திட்டம், விதிமுறை என்றால் 'மாற்றியமைத்தல்'. வெப்சைட், பத்திரிகை என்றால் 'புதிய வடிவம்'. அணி என்றால் சும்மா 'அணியில் பெரிய மாற்றம்'. வீடு என்றால் ரீமாடல் என்றே விட்டுவிடுகிறேன். கொத்தனாரும் அதைத்தான் சொல்கிறார், வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார், நடுவில் நான் யார்?

ஹோட்டல் விளம்பரமும் 'புதுப்பொலிவுடன்' என்றுதான் கடைசியில் போனது. முதலாளிக்குத் திருப்தி. திறப்பு விழாவன்று போனால் சாம்பார் ருசி மட்டும் மாறவில்லை என்பது கூடுதல் திருப்தி.

போன வாரம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை வைத்து வீட்டிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தி ஸ்கூல் யூனிஃபார்மைப் பற்றி எழுதினாள், சரியாக இருந்தது. இன்னொருவன் தெரு முனைப் பிள்ளையார் கோயிலைப் பற்றி எழுதினான், அதுவும் சரி. ரத்தம் குடிக்கிறதா என்று கேட்ட பையன் எழுதியிருந்தது: நேற்று மிச்சமான இட்லியை அம்மா ரீவேம்ப் செய்து உப்புமா ஆக்கினார்.

சிவப்பு மையைத் திறந்தேன். உதிர்த்த பிறகு அது இட்லியே இல்லை, பெயரும் போச்சு, உருவமும் போச்சு, ஆகவே இது கன்வெர்ட் என்று விளக்கினேன். அவன் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தான்.

"மாவு அதேதானே சார்?" என்றான். "மேலதானே தாளிச்சாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன்.